கருப்பு போனும் கையில் திருப்புளியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இந்தப் பக்கத்தின் கடைசியில், "பரணில் பழைய டயல் போன் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் பாதி வீட்டுப் பரணில் ஒரு போன் தூங்குகிறது போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பத்துக் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் கருப்பு டயல் போன் வாங்கினேன். கடைக்காரர் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் சார்" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — வாசகர், தேவகோட்டை

கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், போன் சொல்வதைக் கேளுங்கள். மேலே பளபளவென்று இருக்கும் ஓடு எதையும் சொல்லாது. அதைத் திருப்பி, அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். கழற்றும் முன்னால் மொபைலில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்பது கழற்றிய பத்தாவது நிமிடத்தில் மறந்துபோகும், எனக்கு இன்றைக்கும் மறந்துபோகிறது.

முதல் சோதனை, ஓடு எதனால் ஆனது என்பது. நம்மவர்கள் கருப்பாக இருந்தால் எல்லாவற்றையும் எபோனைட் என்பார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், மிகப் பழைய போன்களின் வாய்க்குழலிலும் காதுமூடியிலும்தான் அதைப் பார்க்கலாம், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்புப் பச்சையாக வெளுத்திருக்கும். உங்கள் போன் பெரும்பாலும் பேக்லைட்டாக இருக்கும். லியோ பேக்லேண்ட் 1907-இல் கண்டுபிடித்த பிசின் அது. ஒருமுறை அச்சில் வெந்து இறுகிவிட்டால் மறுபடி உருகாது. உட்பக்கத்தில் ஓர் ஓரமாகக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், ஆஸ்பத்திரி வாசனை போல ஒரு நெடி வந்தால் பேக்லைட். நெடியே இல்லாமல், தட்டினால் லேசாக டொக் டொக் என்றால் பிற்காலத்துப் பிளாஸ்டிக்.

இரண்டாவது, எழுத்துகள். பிரிட்டிஷ் தபால் துறைக்காகச் செய்த போன்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி எண் உண்டு. 1937 வாக்கில் வந்த 332 என்ற மாடல்தான் நாம் "பழைய போன்" என்றதும் மனதில் வரும் அந்தச் சரிவான கூரை மாதிரி உருவம். நார்வே ஓவியர் ழான் ஹைபர்க் 1930-களின் தொடக்கத்தில் எரிக்சனுக்காக வடிவமைத்த போனின் வழி வந்தது. 332-இன் கைப்பிடிக்கு, அதாவது காதில் வைத்துப் பேசும் ரிசீவருக்கு, எண் 164. கைப்பிடியின் உட்பக்கம், விரல்கள் படும் இடத்தில், இந்த எண்ணும் தயாரித்த கம்பெனியின் குறியெழுத்தும் இரண்டு இலக்கத்தில் ஆண்டும் அழுந்தியிருக்கும். டயலின் பின்பக்கத்தைத் தனியாகப் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம்.

ஐ.டி.ஐ. என்று இருந்தால் கதை முடிந்தது, வெள்ளைக்காரன் போன பிறகு செய்தது. பெங்களூரில் இன்றைக்குத் தூரவாணி நகர் என்று சொல்லும் இடத்தில் 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் அது. லிவர்பூலில் இருந்த ஆட்டோமேட்டிக் டெலிபோன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுத் தொடங்கியதால் அதன் ஆரம்பகாலப் போன்கள் பிரிட்டிஷ் போன்களுக்குக் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை, அவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். உள்ளே பார்த்தால் கைப்பிடியில் ஓர் ஆண்டு, டயலில் இன்னோர் ஆண்டு, மணியை அடிக்கவைக்கும் கம்பிச்சுருளில் மூன்றாவதாக ஓர் ஆண்டு இருக்கும். "ஏமாந்துவிட்டேன், கலப்படம்" என்று உடனே கடைக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்தக் காலத்தில் போன் நம்முடையது இல்லை. இங்கே தபால் தந்தித் துறைக்குச் சொந்தம், இங்கிலாந்தில் தபால் துறைக்கு, அமெரிக்காவில் 1980-களின் தொடக்கம் வரை பெரும்பாலும் பெல் கம்பெனிக்கு. நாம் வாடகைக்கு வைத்திருந்தோம், அவ்வளவுதான். ரிப்பேர் என்றால் லைன்மேன் வருவார், பையிலிருந்து ஒரு டயலை எடுத்து மாட்டுவார், பழைய டயலை எடுத்துக்கொண்டு போவார். அது பட்டறையில் சுத்தமாகி வேறொரு வீட்டு போனில் போய் உட்காரும். முப்பது வருடம் ஓடிய போனில் எல்லா உறுப்பும் ஒரே ஆண்டில் பிறந்ததாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆண்டு ஒத்துப்போகும் போனுக்குக் கூடுதல் விலை தருவார்கள், அது அவர்கள் ஆசை. கலந்து கிடக்கும் போனை நான் குறைவாக நினைப்பதில்லை.

அப்படியானால் பேக்லைட்டை எதை வைத்துப் பளபளப்பாக்குவது? உப்புத்தாள் தேய்க்கலாமா? — மூன்று வாசகர்கள், வெவ்வேறு ஊர்கள்

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பேக்லைட் ஓட்டில் மேலே மெல்லிய பிசின் தோல் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே இருப்பது பிசினில் குழைத்த மரத்தூள். தோல் போய்விட்டால் மரத்தூள் வெளியே தெரியும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல்தான். சில பழைய வார்ப்புகளில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கும், ஆகவே உலர்ந்த தூள் பறக்கும்படி எதையும் செய்யாதீர்கள். ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு, துடைத்து உடனே உலர்த்துங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. பிறகு பிராசோ மாதிரி உலோகப் பாலீஷை மெல்லிய துணியில் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாக, பொறுமையாகத் தேய்த்து, கடைசியில் கொஞ்சம் மெழுகு. எழுத்து அழுந்தியிருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நான் முதன்முதலில் கைவைத்த போனில் ஆர்வக்கோளாறில் உப்புத்தாள் போட்டு, ஆண்டு எழுதியிருந்த இடத்தையே வழித்து எடுத்துவிட்டேன். அந்த போனின் வயது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கருப்பு ஸ்ப்ரே பெயின்ட் பற்றிக் கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் தாத்தா வீட்டு போனில் டயலே இல்லை, அந்த இடத்தில் வெறும் கருப்புத் தகடு. யாரோ டயலைத் திருடிவிட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். — வாசகி, புதுக்கோட்டை

யாரும் திருடவில்லை, அப்பாவிடம் சொல்லுங்கள். தாத்தாவின் ஊரில் தானியங்கி எக்சேஞ்ச் வந்திருக்காது. இந்தியாவின் முதல் தானியங்கி எக்சேஞ்ச் 1913-14 வாக்கில் சிம்லாவில் வந்தது. சின்ன ஊர்களுக்கு அது வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ரிசீவரை எடுத்தால் எக்சேஞ்சில் இருக்கும் ஆப்பரேட்டர் பலகையில் ஒரு விளக்கு எரியும், அவர் "நம்பர் ப்ளீஸ்" என்பார், நாம் நம்பரைச் சொல்ல அவர் கயிறு மாதிரி ஒரு வயரைச் செருகி இணைப்பார். சுழற்ற வேலையே இல்லாத வீட்டுக்கு டயல் எதற்கு? அதனால் அந்த ஓட்டையை மூடித் தகடு போட்டே அனுப்பினார்கள். பக்கவாட்டில் கைப்பிடி போட்டுச் சுற்றும் போன் இன்னும் ஒரு படி பழைய முறை. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் மேக்னெட்டோ மின்சாரம் உண்டாக்கி எக்சேஞ்சில் மணியடிக்கும், பேசுவதற்கான மின்சாரம் போனோடு இருக்கும் பேட்டரியிலிருந்து வரும். உங்கள் போனில் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு டயல் பொருத்திவிடாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும்.

கோயம்புத்தூரில் என் நண்பர் வீட்டில் இன்னும் பழைய செம்புக் கம்பி லைன் இருக்கிறது, அதில் என் டயல் போனை மாட்டிப் பார்த்தோம். 5 சுழற்றினால் சில சமயம் சரி, சில சமயம் ராங் நம்பர். டயல் திரும்பி வரும்போது நடுவில் தயங்குகிறது. எண்ணெய் விடலாமா? தேங்காய் எண்ணெய் போதுமா? — வாசகர், கோயம்புத்தூர்

தேங்காய் எண்ணெய்! மார்கழியில் உறைந்துபோகும் எண்ணெயைக் கடிகாரம் மாதிரியான ஒரு பொறிக்குள் விட நினைத்தீர்களே. சரி, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்கள், அதற்கு நன்றி.

டயல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ரிப்பேர் பாதி முடிந்த மாதிரி. நீங்கள் விரலை விட்டுச் சுழற்றும்போது எக்சேஞ்சுக்கு எதுவும் போவதில்லை. அது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல, உள்ளே இருக்கும் சுருள்வில்லை முறுக்குவது மட்டும்தான். விரலை எடுத்த பிறகு தகடு தானாகத் திரும்பி வருகிறதே, அந்தப் பயணத்தில்தான் ஒரு பல்சக்கரம் இரண்டு மெல்லிய தகடுகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறது. லைனில் ஓடும் மின்சாரம் 5-க்கு ஐந்து தடவை அறுந்து சேரும், 0-க்குப் பத்து தடவை. எக்சேஞ்ச் அந்த அறுப்புகளை எண்ணிக்கொள்கிறது. நொடிக்குப் பத்து என்பது கணக்கு, ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்தால் பரவாயில்லை. பிரிட்டிஷ் வழக்கில் அறுந்திருக்கும் நேரம் இரண்டு பங்கு, சேர்ந்திருக்கும் நேரம் ஒரு பங்கு.

வேகம் சீராக இருக்க உள்ளே கவர்னர் என்று ஒன்று சுழலும். இரண்டு சின்னக் கைகள், முனையில் குண்டு, வேகம் கூடினால் கைகள் விரிந்து சுற்றியிருக்கும் கிண்ணத்தின் சுவரில் உரசி வேகத்தைக் குறைக்கும். திரும்பும்போது நமக்குக் கேட்கும் அந்த "கிர்ர்ர்" சத்தத்தில் பெரும்பங்கு இதுதான். உங்கள் டயலில் என்றைக்கோ யாரோ விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகி, அதில் தூசி ஒட்டி, கவர்னர் திணறுகிறது. நடுவில் தயங்கும்போது எக்சேஞ்ச் "இந்த எண் முடிந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறது, ராங் நம்பர் அங்கேதான் பிறக்கிறது.

செய்ய வேண்டியது இது. போனை லைனிலிருந்து கழற்றுங்கள். டயலைப் பிரித்தெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய தூரிகையால் பல்சக்கரத்தையும் கவர்னரையும் கழுவுங்கள். எண் தகட்டின் மீது படவிடாதீர்கள், எழுத்து போய்விடும். காய்ந்த பிறகு, கடிகார எண்ணெயை ஒரு குண்டூசி முனையில் தொட்டு, அச்சுகள் உட்காரும் இடங்களில் மட்டும் வையுங்கள். கவர்னரின் உரசும் முனைக்கு எண்ணெய் கூடவே கூடாது, அது உரசத்தான் இருக்கிறது. துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகச் சிக்கும். தொடும் தகடுகள் கருத்திருந்தால் கெட்டியான வெள்ளைக் காகிதத்தை நடுவில் விட்டு இழுங்கள், அரம் போடாதீர்கள்.

வேகத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் போதாது. மொபைலில் டயல் திரும்பும் சத்தத்தைப் பதிவு செய்து, ஒலியை அலையாகக் காட்டும் செயலி ஏதாவது ஒன்றில் திறந்து பாருங்கள். 0 சுழற்றினால் பத்து முள் தெரியும். முதல் முள்ளுக்கும் பத்தாவது முள்ளுக்கும் நடுவில் 0.9 நொடி இருந்தால் நொடிக்குப் பத்து என்று அர்த்தம். (பத்து முள்ளுக்கு நடுவில் ஒன்பது இடைவெளிதானே.) சுத்தம் செய்த பிறகும் வேகம் தவறினால் மட்டும் கவர்னர் கைகளைத் தொடுங்கள், அதுவும் மயிரிழை அளவு வளைக்க வேண்டும். நான் பார்த்தவரை பத்தில் எட்டு டயல்களுக்குச் சுத்தம் செய்வதே போதும்.

என் போனில் யார் பேசினாலும் எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கரகரவென்று, தூரத்தில் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி. — வாசகர், திருநெல்வேலி

ரிசீவரின் வாய்ப்பக்கத்தில் இருக்கும் மைக் கரித்துகள் நிரம்பிய ஒரு டப்பி. பேச்சின் அழுத்தத்தில் துகள்கள் நெருங்கி விலகும்போது மின்சாரம் கூடிக் குறையும். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால், ஈரமும் சேர்ந்தால், துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். லைனைக் கழற்றிவிட்டு, வாய்மூடியைத் திருகித் திறந்து டப்பியை வெளியே எடுத்து, உள்ளங்கையில் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். நம் பாட்டிகள் ரிசீவரையே மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பேசுவார்களே, அது மூடநம்பிக்கை இல்லை, சரியான வைத்தியம்தான்.

தட்டியும் சரியாகவில்லை என்றால் அதே அளவு டப்பிக்குள் எலெக்ட்ரெட் என்ற இக்காலத்துச் சின்ன மைக்கை வைத்துப் பொருத்துகிறார்கள். பேச்சு தெளிவாகப் போகும், ஆனால் அந்தக் கரி மைக்கின் குரல் போய்விடும். பழைய டப்பியைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுப் போனுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

காதுப்பக்கம் திறந்தால் ஒரு எச்சரிக்கை: பல பழைய போன்களில் மெல்லிய இரும்புத் தட்டு காந்தத்தில் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பாதீர்கள், பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். மடிந்துவிட்டால் அவ்வளவுதான்.

துணி சுற்றிய கயிறு மாதிரி வயர் நீளமாக இருந்தது, நடுவில் வெட்டிச் சுருக்கலாம் என்று வெட்டிவிட்டேன். இப்போது ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. — வாசகர், தஞ்சாவூர்

அடடா.

அந்த வயருக்குள் இருப்பது சாதாரணக் கம்பி இல்லை. நூலிழை மீது தலைமுடி போல மெல்லிய செம்புப் பட்டையைச் சுற்றியிருப்பார்கள், ஜரிகை மாதிரி. ஆயிரம் தடவை மடங்கினாலும் அறாமல் இருக்கத்தான் அப்படி. சூட்டுக்கோலை வைத்தால் உள்ளே நூல் கருகும், பட்டை ஓடிவிடும். அதனால்தான் தொழிற்சாலையில் முனைகளில் பிளவுள்ள தகட்டை வைத்து நெரித்து அனுப்பினார்கள். நீங்களும் அதையே செய்யலாம்: வெட்டிய இடத்தில் துணியை ஓர் அங்குலம் உரித்து, இழையை மெல்லிய செம்புக் கம்பியால் நெருக்கிச் சுற்றி, சின்னத் தகட்டு முனைக்குள் விட்டு குறடால் நெரித்துவிடுங்கள். துணி பிரியாமல் இருக்க நூலால் கட்டுங்கள். வயரோடு தனியாக ஒரு கயிறு இருந்தால், அதை போனின் உடம்பிலுள்ள கொக்கியில் மாட்ட மறக்காதீர்கள், இழுக்கும் பாரம் கம்பியில் விழாமல் அதுதான் தாங்குகிறது. நீளம் அதிகமாக இருக்கிறது என்று இனி யாரும் வெட்ட வேண்டாம், சுருட்டி வைத்தால் போதும்.

ஆன்லைனில் "1920 விண்டேஜ்" என்று போட்டிருந்த பித்தளை போனை எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் மாதிரி நிற்கும், மேலே வாய்க்குழல், பக்கத்தில் தொங்கும் காதுக்குழல். மணி அருமையாக அடிக்கிறது! படம் அனுப்பியிருக்கிறேன். — வாசகி, சென்னை

அம்மா, மணி அடிக்கிறது என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே விடை இருக்கிறது. இந்த நின்ற வடிவப் போனில் பிரிட்டிஷ் தபால் துறை டயல் வைத்துக் கொண்டுவந்தது 1924-இல், 150 என்ற மாடல். அதன் தண்டுக்குள்ளும் அடியிலும் மணிக்கு இடமே கிடையாது. மணியும் சுருளும் தனியாக ஒரு மரப்பெட்டியில் சுவரில் இருக்கும். அடிப்பாகத்துக்குள்ளேயே மணி இருக்கிறது என்றால் அது புதிதாகச் செய்தது.

படத்தில் இன்னொன்றும் தெரிகிறது, திருகுகளின் தலையில் கூட்டல் குறி. அந்த வகைத் திருகு 1930-களில்தான் வந்தது, 1920-ஆம் ஆண்டுப் போனில் அது எப்படி இருக்கும்? அந்தக் காலத்துத் திருகுகளுக்கு ஒற்றைப் பிளவுதான். அடித்தகட்டைத் திறந்து பாருங்கள், கனம் கூட்ட ஒரு இரும்புத் துண்டும் பச்சை நிறச் சர்க்யூட் பலகையும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை, இப்படிச் செய்யும் சிலவற்றில் டயல் மட்டும் உண்மையான பழைய டயலாக இருக்கும், எங்கோ உடைத்துப் போட்ட போனிலிருந்து எடுத்தது. உங்களுடையதில் விரல் ஓட்டைகளுக்குள் பொத்தான் இல்லை, தகடு நிஜமாகவே சுழல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டயலின் பின்பக்கம் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். எட்டாயிரத்தில் கொஞ்சமாவது தேறும். ஷோகேஸில் வைக்க அழகான பொருள்தான், அதை நான் மறுக்கவில்லை. 1920 என்று சொல்லாமல் விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

லண்டனிலிருந்து அண்ணா கொண்டுவந்த தந்த நிறப் போனில் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. 6-இல் இரண்டு எழுத்துத்தான், 0-விலும் இரண்டு. மாற்றி அச்சடித்துவிட்டார்களா? — வாசகி, யாழ்ப்பாணம்

சரியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். 6-இல் எம், என்; 0-வில் ஓ, க்யூ என்று இருந்தால் அது பிரிட்டிஷ் டயல். அமெரிக்க டயலில் ஓ எழுத்து 6-இல் சேர்ந்திருக்கும். லண்டனில் அப்போது எக்சேஞ்ச் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைச் சுழற்றிவிட்டுப் பிறகு எண்ணைச் சுழற்றுவார்கள். ஸ்காட்லாந்து யார்டின் எண் "வைட்ஹால் 1212", அதாவது டபிள்யூ, எச், ஐ. டயலில் 944 1212. 1960-களின் பிற்பகுதியில் முழுக்க எண்களுக்கு மாறினார்கள்.

தந்த நிறம் என்றால் ஒன்று கவனியுங்கள். 332 வரிசையில் கருப்பு பேக்லைட், வண்ணப் போன்கள் டயகான் என்ற அக்ரிலிக். அதன் மீது ஆல்கஹால் பட்டால் மெல்லிய கீறல்கள் ஓடும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருகு தொலைந்திருந்தால் நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் திருகை முறுக்கி ஏற்றாதீர்கள், பிரிட்டிஷ் போன்களில் பி.ஏ. என்ற தனி மரை. அதன் 4-ஆம் எண் 3.6 மில்லிமீட்டர், 6-ஆம் எண் 2.8 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் திருகு ஒன்றில் ஆடும், மற்றதில் மரையை அழிக்கும்.

மணி "டிங்" என்று ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கிண்ணங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன், ஒரு பக்கம் மஞ்சளாகிவிட்டது. ரிசீவரை வைத்த பிறகும் லைன் பிஸியாகவே இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். — வாசகர், மதுரை

மூன்று தனித்தனிக் கோளாறு.

புளி குத்துவிளக்குக்கு. உங்கள் கிண்ணத்தில் இருந்தது பித்தளை மேல் நிக்கல் முலாம், அதைத்தான் தேய்த்து எடுத்திருக்கிறீர்கள். போனது போகட்டும், சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது.

முனகலுக்கு வருவோம். கிண்ணத்தின் நடு ஓட்டை சரியாக நடுவில் இருக்காது, கொஞ்சம் தள்ளியிருக்கும், வேண்டுமென்றே. திருகைத் தளர்த்திக் கிண்ணத்தைச் சுற்றினால் அதன் விளிம்பு நாக்குக்கு அருகில் வரும் அல்லது விலகும். நாக்கு ஓய்வாக இருக்கும்போது விளிம்பைத் தொடாமல், அடிக்கும்போது மட்டும் தொட்டுவிட்டு வர வேண்டும். தொட்டுக்கொண்டே இருந்தால் "டக்" என்று செத்த சத்தம்தான் வரும். அதன் பிறகும் அடிக்கவில்லை என்றால் மல்டிமீட்டரால் சுருளின் தடையைப் பாருங்கள். 332 வகையில் இரண்டு சுருள்களும் சேர்ந்து சுமார் 1000 ஓம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருளின் நுனிக் கம்பி அறுந்திருக்கும், பெரும்பாலும் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. லைன் மாட்டியிருக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள். சும்மா இருக்கும்போது 50 வோல்ட்தான், ஆனால் யாராவது அந்த நேரம் பார்த்து அழைத்தால் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும், கையை உதறவைக்கும்.

லைன் பிஸி என்பது கண்டென்ஸர் கோளாறு. மணிச்சுருள் எப்போதும் லைனோடு இணைந்தே இருக்கிறது. ஆனால் நேர்மின்சாரம் அதன் வழியே ஓடாமல் ஒரு கண்டென்ஸர் தடுத்து நிற்கிறது, மணியடிக்கும் மாறுமின்சாரத்தை மட்டும் விடுகிறது. பழைய காகிதக் கண்டென்ஸர் ஈரம் ஏறிக் கசியத் தொடங்கினால், நீங்கள் ரிசீவரை வைத்த பிறகும் எக்சேஞ்சுக்கு ரிசீவர் எடுத்த மாதிரியே தெரியும். 2 மைக்ரோ ஃபாரட், 250 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்ஸர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பழைய தகர டப்பியை அப்படியே இருக்கவிட்டு, அதன் கம்பிகளை மட்டும் கழற்றி, புதியதைப் பின்னால் மறைத்து வையுங்கள்.

தாத்தாவின் போனில் டயல் ஓட்டையில் சின்னப் பித்தளைப் பூட்டு மாட்டியிருக்கிறது, சாவி இல்லை. எதற்குப் பூட்டு? எங்கள் வீட்டில் இப்போது ஃபைபர் இணைப்பு, மோடத்தில் போன் சொருகும் துளை இருக்கிறது. அதில் இது வேலை செய்யுமா? — கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, பூட்டு உங்கள் அப்பாவுக்காகப் போட்டது. பில் பயம்! பூட்டை 1-ஆம் ஓட்டையில் போட்டால் அது விரல் நிறுத்தியில் முட்டும், 1-ஐத் தவிர எதையும் சுழற்ற முடியாது. வரும் அழைப்பைப் பேசலாம், நாம் அழைக்க முடியாது. அதையும் பிள்ளைகள் தாண்டினார்கள். மேலே சொன்னேனே, எக்சேஞ்ச் எண்ணுவது லைன் அறுந்து சேர்வதைத்தான் என்று. ரிசீவர் உட்காரும் கட்டையைத் தட்டினாலும் லைன் அறுந்து சேரும். 4-க்கு நாலு தட்டு, சின்ன இடைவெளி, 7-க்கு ஏழு தட்டு, அதுவும் ஒரே சீராக, வேகமாக. 0 வந்தால்தான் திண்டாட்டம், பத்து தட்டு. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூட்டை நெம்பி எடுக்காதீர்கள், விரல் தகடு வளையும். பெரும்பாலான டயல்களில் நடுவில் இருக்கும் காகித வட்டத்தைப் பிடித்திருக்கும் வளையத்தை எடுத்தால் கீழே ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் தகடு பூட்டோடு சேர்ந்து மேலே வந்துவிடும், பிறகு பூட்டுக்காரரிடம் நிதானமாகக் கொடுக்கலாம்.

மோடம் விஷயம்: பேச்சு இரண்டு பக்கமும் கேட்கும், அழைப்பும் வரும். மணி மட்டும் மோடத்தின் தெம்பைப் பொறுத்தது. 1000 ஓம் சுருளை அசைக்கச் சில மோடங்களுக்குச் சக்தி போதாது. டயல் செய்வதுதான் சிக்கல். பல மோடங்களுக்குப் பொத்தான் போனின் இசைச் சத்தம் மட்டுமே புரியும், லைன் அறுந்து சேர்வதை எண்ணத் தெரியாது. அமைப்புகளில் பல்ஸ் டயலிங் என்று ஒரு வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அறுப்புகளை எண்ணி இசையாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி விற்கிறார்கள், போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் மாட்டினால் போதும், போனுக்குள் எதையும் வெட்ட வேண்டாம். முதல் அழைப்பு யாருக்கு என்று எழுதுங்கள். பத்து இலக்க மொபைல் எண்ணில் 9-உம் 0-வும் நிறைய இருந்தால் விரல் வலிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.